சர்வர் டவுன் நேரத்தில் பழகிய வாள்

திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எதிரே, ஒரு டீக்கடைக்கும் பூட்டிக் கிடக்கும் உரக்கடைக்கும் நடுவில் இருக்கிறது தங்கமாரியின் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று போர்டு நிறைய எழுதியிருக்கும். அந்தப் போர்டில் இல்லாத ஒரு வேலையால்தான் அவள் பேர் மதுரை வரைக்கும் போனது.

பிறந்தது நரிக்குடிப் பக்கம். அப்பா உக்கிரபாண்டியும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டார்கள்; மழை பொய்த்த வருஷங்களில் சீமைக் கருவேலம் வெட்டினார்கள். அப்படியும் மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்துவிட்டார்கள். பிறகு அவள் பஸ்ஸில் அருப்புக்கோட்டை போய்வந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். வாக்கப்பட்ட இடம் திருச்சுழி. கணவன் விஜயபாண்டி சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்துக் கரிமூட்டை ஏற்றுகிறவன். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் தங்கமாரி இந்தக் கடையைப் பிடித்தாள்.

அதற்கு முன் அந்த இடம் ஒரு கேம் சென்டராக இருந்தது. நடத்தியவன் தொழில் ஓடாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன கம்ப்யூட்டர்களைத் துடைத்து, தேவையில்லாததையெல்லாம் அழித்தபோது, ஒன்றில் மட்டும் ஒரு படம் மிச்சமிருந்தது. இரும்புத் தொப்பி போட்ட ஒருவன் வாளை ஊன்றி நின்றான். அழிக்க மறந்தாள், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பாதி நாள் சர்வர் டவுன். விண்ணப்பம் பாதியில் நிற்கும், திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பெஞ்சில் காத்திருக்கிற சனம் "சர்வரு வந்துருச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு மத்தியானம், வட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்து, பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த இரும்புத் தொப்பிக்காரனைத் தட்டினாள்.

விளையாட்டின் பேர் 'வார்டன்ஸ் ஓத்', அதாவது காவல்காரனின் சபதம். ராஜாக்கள் காலத்து வெள்ளைக்காரச் சீமை. வேலை போன ஒரு கோட்டைக் காவல்காரன் ஊர் ஊராக நடக்கிறான். அவனுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், வாள் துருப்பிடிக்கும். நடக்கவைப்பதும் சாப்பிடவைப்பதும் நம் பொறுப்பு. அதெல்லாம் தங்கமாரிக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு மில்லுக்குப் பக்கத்தில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மூன்று திருடர்கள் வந்தார்கள். அவள் மௌஸைத் தட்டு தட்டென்று தட்டினாள். காவல்காரன் கண்டபடி வாளை வீசினான், மூச்சிரைத்தான், செத்து விழுந்தான். மறுபடி போனாள். மறுபடி செத்தான். அந்தப் பாலத்தைத் தாண்டவே முடியவில்லை.

அதிலும் ஒரு தொல்லை. அந்த விளையாட்டில் சண்டை மூண்டுவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. சரியாக அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, "தாயி, இதுல ரெண்டு ஜெராக்ஸு" என்று ஆதார் கார்டை நீட்டுவார். மெஷினைத் திறந்து, கார்டை வைத்து, மூடித் திரும்புவதற்குள் காவல்காரன் பிணமாகிவிடுவான்.

"என்ன மாரி, இன்னைக்கும் செத்துட்டானா ஒன் ஆளு?" என்பாள் மாரிக்கனி. பக்கத்து டீக்கடை அவளுடையது. கிளாஸ் எடுக்க வருகிறவள் அப்படியே நின்றுவிடுவாள்.

"எங்கக்கா, நிக்க மாட்டேங்குறான்."

"அவனுக மூணு பேரு. எதுக்கு வெட்டவெளியில போயி நிக்கிறே? சந்துக்குள்ள ஓடு."

கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் அடுத்த தடவை தங்கமாரி நிஜமாகவே ஓடினாள். மில்லின் வாசல் ஒடுக்கமானது, ஒரு ஆள்தான் நுழைய முடியும். காவல்காரனை உள்ளே கொண்டுபோய் வாசலைப் பார்த்து நிறுத்தினாள். மூன்று பேரும் வந்து ஒருத்தன் முதுகில் ஒருத்தன் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு நேரத்தில் ஒரு வாள்தான் உள்ளே நீள முடிந்தது. அந்தச் சமயம் பார்த்துப் போட்டோ எடுக்க ஒரு குடும்பம் வந்தது. தங்கமாரி அடிக்கிற எண்ணத்தையே விட்டுவிட்டு, ஒரு கையால் காவல்காரனைப் பின்னால் நகர்த்திக்கொண்டே, "நாடிய நிமித்துங்க, கண்ண முழிச்சுப் பாருங்க" என்று குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் ஆள் உயிரோடு இருந்தான். அது மட்டுமில்லை. அவன் மூச்சைக் காட்டும் பச்சைக் கோடு முழுசாக நிரம்பியிருந்தது. திருடர்களின் மூச்சு தீர்ந்துபோய், வாள் நுனி தரையில் இழுபட்டது.

அன்றைக்கு அவளுக்கு ஒன்று விளங்கியது. வீசுகிற ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்சு செலவு. வாளைக் குறுக்கே பிடித்துக்கொண்டே நின்றாலும் மூச்சு செலவு. எட்டாத தூரத்தில் சும்மா நின்றால் மட்டும் மூச்சு திரும்பி வரும். எதிரி வீசும்போது காலை அரை எட்டு பின்னால் வைத்தால் போதும். அவன் வாள் காற்றை வெட்டும், அவன் மூச்சு குறையும். அதன்பிறகு ஒரே ஒரு அடி. அவசரமே இல்லை.

மூன்று பேரையும் அந்த வாசலிலேயே சாய்த்தாள். பெஞ்சில் சாதிச் சான்றுக்குக் காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு சர்வர் டவுன் என்றால் யாரும் முன்போல் சலித்துக்கொள்ளவில்லை. காத்திருக்கிறவர்கள் பெஞ்சைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். கடைக்கு ஆள் வந்து போவதால் ஸ்பீக்கரை எப்போதும் அணைத்தே வைத்திருந்தாள். வாள் சத்தமோ எதிரியின் அதட்டலோ அவள் காதில் விழுந்ததே கிடையாது. அதனால் கண்தான் எல்லாம். வாளைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், தோளைப் பார்க்க வேண்டும் என்று கண்டுகொண்டாள். மேலிருந்து வெட்டப் போகிறவனுக்கு முதலில் தோள் ஏறும். பக்கவாட்டில் வீசப் போகிறவன் பின்னங்காலைத் திருப்புவான். குத்த வருகிறவன் ஒரு நொடி ஒன்றும் செய்யாமல் நிற்பான். எதிரி எந்தக் கையில் வாள் பிடித்திருக்கிறானோ, அதற்கு மறுபக்கமாகவே சுற்றிச் சுற்றி நகர்ந்தால் அவன் வெட்ட உடம்பையே திருப்ப வேண்டியிருக்கும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ஆயிரம் தடவை செத்ததில் வந்தது.

விஜயபாண்டிக்கு விஷயம் கரிமண்டியில்தான் தெரிந்தது. "ஒன் வீட்டுக்காரி கடையில பொம்ம வெளயாட்டு வெளயாடுறாளாமே" என்று யாரோ சிரித்திருக்கிறார்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தான். உள்ளே நுழைந்தபோது தங்கமாரி கோடாலிக்காரன் ஒருவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திட்ட வாயெடுத்தவன் திரையைப் பார்த்தான். கோடாலி ஓங்கியது.

"ஏ, தள்ளு! தள்ளு மாரி!" என்று கத்திவிட்டான்.

"தள்ளிட்டேன், செத்த பேசாம இருங்க."

கோடாலி தரையில் குத்தியது. அதை அவன் பிடுங்குவதற்குள் காவல்காரனின் வாள் அவன் கழுத்தடியில் இறங்கியது. விஜயபாண்டி அப்படியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். டீக்கடைப் பக்கமிருந்து மாரிக்கனி எட்டிப்பார்த்து, "திட்ட வந்தீகளா, பாக்க வந்தீகளா?" என்றாள். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அடுத்தவன் எப்ப வருவான்?" என்று மட்டும் மனைவியிடம் கேட்டான்.

அந்த விளையாட்டில், உலகத்தில் எங்கோ இருக்கிற ஆட்களோடு ஒற்றைக்கு ஒற்றை மோதவும் வழி இருந்தது. 'திருச்சுழி மாரி' என்று பேர் வைத்துக்கொண்டு அதில் இறங்கினாள். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்து இளவட்டங்கள்தான். எல்லாரும் அவளை ஆம்பளை என்றே நினைத்தார்கள். "ப்ரோ, முன்னாடி வா ப்ரோ." "ப்ரோ, நீ ஆமையா?" என்றெல்லாம் எழுதுவார்கள். தோற்றபிறகு ஒன்றும் எழுதமாட்டார்கள். ஆமை என்ற பட்டம் அவளுக்குப் பிடித்துப்போனது.

மதுரையில் ஒரு கல்லூரி அரங்கத்தில் போட்டி வைக்கிறார்கள், யாரும் கலந்துகொள்ளலாம் என்ற அறிவிப்பு திரையில் வந்தபோது, தயங்கியவள் தங்கமாரி, துள்ளியவன் விஜயபாண்டி.

"அன்னைக்கு எனக்கும் மதுரைக்கு லோடு இருக்கு. ஏறி ஒக்காரு, எறக்கி விட்டுட்டுப் போறேன்."

"கட?"

"கடய நான் பாத்துக்கிறேன்," என்றாள் மாரிக்கனி. "ஜெராக்ஸு மட்டும்தான் போடுவேன். சர்வரு கிர்வருன்னு எவனாச்சும் வந்தா, மாரி சண்டைக்குப் போயிருக்குன்னு சொல்லிருவேன்."

விடிந்ததும் கிளம்பினார்கள். அரங்க வாசலில் இறங்கியபோதுதான் கவனித்தாள், நல்ல சேலையின் முந்தானையில் கரி அப்பியிருந்தது. தட்டத் தட்ட அது பரவியது. அப்படியே உள்ளே போனாள். பதிவு மேஜையில் இருந்த பெண், "அக்கா, பார்வையாளர்களுக்கு மாடியில இடம்" என்றாள். "நான் ஆட வந்துருக்கேம்மா. திருச்சுழி மாரி" என்றதும் அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "ஆமை நீங்களா? என்னை ரெண்டு தடவை தோக்கடிச்சிருக்கீங்க!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஆனால் முதல் ஆட்டம் தொடங்கியதும் எல்லாம் தப்பாகப் போனது. மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும் என்பது விதி. சாய்வு நாற்காலி, பெரிய திரை, காதில் ஹெட்போன். ஜெராக்ஸ் கேட்க யாருமில்லை. கூட்டம் "அடி, அடி" என்று ஆர்ப்பரித்தது. அந்தச் சூட்டில் அவளும் முன்னால் பாய்ந்து அடித்தாள். எதிரி அதட்டினால் ஹெட்போனில் காதடைக்கும். அந்தச் சத்தத்துக்கே பயந்து வாளைத் தூக்குவாள். அவன் வீசியிருக்கவே மாட்டான். மூச்சு தீர்ந்தது. சுற்று முடிந்தது. தோற்றிருந்தாள். திருச்சுழியில் இதையெல்லாம் நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று நினைத்தாள்.

நடுவர் பக்கம் திரும்பி, "தம்பி, இதக் காதுல மாட்டியே ஆகணுமா?" என்று கேட்டாள்.

"கட்டாயம் இல்லைக்கா. ஆனா கழட்டுனா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"பரவாயில்ல."

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். சாய்வு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கூட்டத்தின் சத்தம் இருக்கத்தான் செய்தது. ஆனால் கடைவாசல் சத்தத்துக்கு அது ஒன்றும் மேலில்லை. திரையில் ஒரு தோள் மட்டும் தெரிந்தது. ஏறியது, அரை எட்டு பின்னால் வைத்தாள். திரும்பியது, மறுபக்கம் நகர்ந்தாள். பெரிய கம்ப்யூட்டரில் எல்லாம் தெளிவாகவும் சீக்கிரமாகவும் தெரிந்ததில் முதலில் இரண்டு தடவை அவசரப்பட்டு வெட்டு வாங்கினாள். மூன்றாவது தடவையிலிருந்து கை நிதானத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சுற்றையும் அடுத்த சுற்றையும் எடுத்தாள்.

அதன்பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் தோற்றார்கள். வீசினார்கள், வீசினார்கள், இரைத்தார்கள், விழுந்தார்கள். முதலில் அலுத்துப்போய் ஊளையிட்ட கூட்டம், பிற்பாடு அரங்கத்தின் பெரிய திரையில் எதிரியின் மூச்சுக்கோடு குறையக் குறைய ஒன்றாகச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. லோடை இறக்கிவிட்டு ஓடிவந்த விஜயபாண்டி, கரி படிந்த சட்டையோடு முன்வரிசையில் நின்று எல்லாரையும்விடச் சத்தமாக எண்ணினான்.

கடைசி ஆட்டம் காளீஸ்வரனோடு. சிவகாசிப் பையன், போன வருஷமும் அவன்தான் ஜெயித்தவன். இரண்டு கையால் பிடிக்கிற நீளவாள். அவன் வித்தை பொய்வீச்சு. ஓங்கி அதட்டுவான், எதிரி தடுக்க வாளைத் தூக்கியதும் நடுவிலேயே நிறுத்தி வேறு பக்கம் வெட்டுவான். உட்காரும் முன் தங்கமாரியைப் பார்த்துக் கும்பிட்டான். "உங்க ஆட்டத்த காலையிலருந்து பாக்குறேங்க்கா. எனக்கே பயமா இருக்கு."

"எனக்கும்தாம்ப்பா," என்றாள்.

முதல் சுற்றில் அவன் பொய்வீச்சு பலிக்கவில்லை. அதட்டல் அவளை எட்டவில்லை. தோள் முழுசாக ஏறாதவரை அவள் அசையவில்லை. ஒவ்வொரு பொய்க்கும் அவனுக்குத்தான் மூச்சு போனது. சுற்று தங்கமாரிக்கு.

காளீஸ்வரன் கெட்டிக்காரன். இரண்டாம் சுற்றில் ஆரம்பத்திலேயே நீளவாளின் நுனியால் அவள் கையில் ஒரு கீறல் போட்டுவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டான். அடிக்கவே வரவில்லை. நேரம் முடிந்தால் யார் உடம்பில் காயம் குறைவோ அவருக்குத்தான் சுற்று. அவள் காத்திருந்தாள், அவனும் காத்திருந்தான். அரங்கம் சிரித்தது. மணி அடித்தது. சுற்று அவனுக்குப் போனது. அவள் ஆயுதத்தையே எடுத்து அவளை அடித்துவிட்டான்.

மூன்றாம் சுற்றிலும் அதே கதை. என்ன கவனமாக இருந்தும் அந்த நுனி அவள் தோளைத் தொட்டுவிட்டது. காளீஸ்வரன் பின்னால் போய், வாளை முன்னால் நீட்டி, சிலைபோல நின்றான். நேரம் கரைந்தது.

"போ மாரி! போயி அடி!" என்று விஜயபாண்டி கத்தினான். அவளுக்குத் தெரியும், போனால் செத்தாள். நீளவாளை எதிர்த்து ஓடுவது அவன் விரும்புகிற ஒன்று. போகாமல் நின்றாலும் தோற்றாள். அப்படியானால் அவனை வரவழைக்க வேண்டும். சும்மா நிற்கிறவனை எது வரவழைக்கும்?

தங்கமாரி வாளை இறக்கினாள்.

காவல்காரனின் வாள் நுனி தரையைப் பார்த்தது. வலது தோள், கழுத்து, நெஞ்சு எல்லாம் திறந்து கிடந்தது. அதோடு, வழக்கமாக நிற்கும் தூரத்திலிருந்து ஒரு எட்டு முன்னாலும் வைத்தாள். காளீஸ்வரனின் வாள் எட்டுகிற தூரம். எதிரியின் மூச்சுக்கோடு ஆடுகிறவர் திரையில் தெரியாது; காவல்காரன் மூச்சு தீர்ந்து தளர்ந்துவிட்டவன் மாதிரி தெரிந்தான்.

காளீஸ்வரனுக்கு அந்தக் கழுத்து தெரிந்தது. ஒரே வெட்டு, போட்டியே முடிந்துவிடும். அவன் தோள் ஏறியது. பாதி இல்லை, முழுசாக.

அவள் விரல் அதற்கு முன்பே நகர்ந்திருந்தது. காவல்காரன் பின்னால் போகவில்லை. இந்த ஒரு தடவை பக்கவாட்டில், எதிரியின் வாள் வருகிற வட்டத்துக்கு உள்ளே நுழைந்தான். நீளவாள் அவன் முதுகுக்குப் பின்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. தரையைப் பார்த்திருந்த காவல்காரனின் குட்டை வாள் கீழிருந்து மேலாக எழும்பி, கவசம் மூடாத அக்குளில் இறங்கியது. காளீஸ்வரனின் வீரன் முழங்காலிட்டு, முகம் குப்புற விழுந்தான்.

கூரை பிய்ந்துபோகிற மாதிரி அரங்கத்தில் சத்தம் எழுந்தது. பதிவு மேஜைப் பெண் தாவி வந்து தங்கமாரியைக் கட்டிக்கொண்டாள். விஜயபாண்டி மேடைமேல் ஏற வழி தெரியாமல் கயிற்றுக்கு அடியில் புகுந்து வந்தான். தங்கமாரி ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. சிரிப்பு அடங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

காளீஸ்வரன் வந்து கைகொடுத்தான். "எப்படிக்கா தெரிஞ்சுச்சு, நான் வருவேன்னு?"

"தெரியாதுப்பா. வருவேன்னு நெனச்சேன். நீ வராம இருந்தா தோத்துருப்பேன்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தான். "அடுத்த வருஷம் வரமாட்டேங்க்கா."

"அடுத்த வருஷம் வேற ஏதாச்சும் பண்ணுவேன்," என்றாள்.

பரிசாக, ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்பு வாள் கொடுத்தார்கள். லோடு வண்டியின் முன்பக்கத்தில் அது நுழையவில்லை. காலி மூட்டைகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான் விஜயபாண்டி. காரியாபட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம். எந்தக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று ஒருவர் கேட்டார். "எங்க வீட்டம்மா சண்டையில ஜெயிச்சது" என்று அவன் சொன்ன சொல்லுக்கு, கேட்டவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

வெயில் சாயத் தொடங்கியபோது திருச்சுழி வந்து சேர்ந்தார்கள். கடைவாசலில் தாலுகா ஆபீஸுக்கு வந்த சனம், பஸ்ஸுக்கு நின்ற சனம் என்று தெருவே அடைத்துக்கொண்டு நின்றது. மாரிக்கனி அன்று ஜெராக்ஸ் ஒன்றும் போடவில்லை போலிருக்கிறது. காலையிலிருந்தே நேரலையைக் கடைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து ஊருக்கே காட்டியிருக்கிறாள். வண்டி நின்றதும் ஓடிவந்து தங்கமாரியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏ மாரி, நீ பாத்திருக்கணும்டி! அவன் ஏழடி ஒசரம். வாளு இந்தா, இந்தக் கரண்டுக் கம்பம் தண்டி. நீ வாளக் கீழ போட்டுட்டே, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு..."

"கீழ போடலக்கா, எறக்கித்தான்..."

"நீ சும்மா இரு, நான் சொல்றேன். அவன் பாயுறான், நீ அப்படியே காத்து மாதிரி உள்ள புகுந்து..."

சுற்றி நின்றவர்கள், தாங்களும் காலையிலிருந்து பார்த்தவர்கள்தான், இன்னொரு தடவை கேட்க நெருங்கி வந்தார்கள். யாரோ டீ கொண்டுவந்து தங்கமாரி கையில் கொடுத்தார்கள். அவள் கடைப்படியில் உட்கார்ந்து, கரி படிந்த முந்தானையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, தான் ஜெயித்த கதையை முதல் தடவையாகக் கேட்கிறவள் மாதிரி, வாய் திறக்காமல் கடைசிவரை கேட்டாள்.